ஒற்றைத் தோடு

தினைக் கஞ்சி ஆறி ஆடை கட்டிவிட்டது. அர்சாயின் வீட்டில் அன்று காலை யாரும் அதைத் தொடவில்லை.

"தெக்கத்தி வளர்ப்பு... வேற எப்படி இருக்கும்!" சிலெங்கியின் மாமியார் கிண்ணத்தை நகர்த்தினாள். "காதுக்கு மூணு தோடு, அதானே மஞ்சுப் பொண்ணுக்கு அடையாளம்? ஒத்தைத் தோட்டோட அரண்மனைக்கு அனுப்பியிருக்காளே, பாவி!"

சிலெங்கி குனிந்தபடி ஏச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினோரு வருடங்களாக அந்த வீட்டில் அவளுக்கு நன்றாகப் பழகிப்போன வேலை அது ஒன்றுதான்.

சீனாவை ஆண்ட மஞ்சு இனத்தில், கொடிப்படைக் குடும்பத்துப் பெண்கள் பதின்மூன்று வயதானால் அரண்மனையில் ஒருமுறை போய் நிற்க வேண்டும். பேரரசருக்குப் பிடித்தால் உள்ளே; இல்லையென்றால் வீட்டுக்கு. அதற்கு முன் எந்தத் தகப்பனும் மாப்பிள்ளை என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. மூன்று நாளைக்கு முன் அர்சாயின் மகள் நிச்சுஹே அப்படிப் போய் நின்றாள். வேண்டாம் என்று பெயர்ப்பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதோடு விட்டிருந்தால் நிம்மதி. 'காதில் மூன்று துளை இருந்தும் சீனப் பெண்களைப் போல ஒற்றைத் தோடு. முன்னோர் வழக்கத்தை அவமதித்தது யார்? நண்பகலுக்குள் எழுதித் தருக' என்று இன்று காலை படைப்பிரிவு அலுவலகத்திலிருந்து ஓலை வந்துவிட்டது.

பெண்ணை அலங்கரித்து அனுப்பியவள் சிலெங்கி. அர்சாயின் இரண்டாம் மனைவி, பெண்ணுக்குச் சித்தி. போதாததற்குத் தெற்கே ஹாங்சோ படைமுகாமில் பிறந்தவள். அந்த வீட்டுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஆறு தோட்டையும் தன் கையால் பூட்டியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. திரும்பி வந்த பெண் தன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே ஓடியபோதே விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் தேர்வில் ஏமாற்றியவள் என்று பெயர் வந்தால் அப்புறம் எவன் அந்தப் பெண்ணைக் கட்டுவான்? அதனால் கேட்டவர்களிடமெல்லாம் "நான்தான்" என்று சொல்லிவிட்டாள்.

அர்சாய் அரண்மனை வாசல் காவலில் அதிகாரி. எழுதி முடித்துவிட்டு நிமிராமலே கேட்டான்.

"உன்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிட்டேன்னு எழுதியிருக்கேன். வண்டி வந்தாச்சா?"

"வந்துடுச்சுங்க."

"ஏன் செஞ்சேன்னு ஒரு வார்த்தை... அதுகூடக் கிடையாதா?"

"கிடையாதுங்க."

மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் முற்றத்தைத் தாண்டும்போது நிச்சுஹே ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா! சித்தி மேல தப்பே இல்லப்பா! போற வழியில நான்தான் கழட்டினேன்!" விரித்த கையில் நான்கு தோடுகள்.

"ஏண்டி? ஏன் இப்படிப் பண்ணினே?"

"என்னைப் பிடிச்சுப்போய் உள்ள வெச்சுக்கிட்டா? சித்தியை எப்படிப் பாப்பேன்? உங்க தங்கச்சி உள்ள போயி பதினாறு வருஷம் ஆச்சு... பாட்டி ஒரு தடவையாவது கண்ணால பாத்தாங்களா?"

மாமியாரின் முகம் வெளுத்துப்போனது. ஆனால் ஒரு நொடிதான்.

"கத்தாதே, வண்டிக்காரன் காதுல விழும்! அர்சாய், எழுதினது அப்படியே போகட்டும். அவதான் ஒத்துக்கிட்டாளே!"

"அவங்க சொல்றதுதான் சரி," என்றாள் சிலெங்கி. "பொண்ணு பேரு வெளிய வரக்கூடாது. நான் கிளம்பறேன்."

"போகாதீங்க சித்தி! போகாதீங்க..."

அர்சாய் தாளைக் கிழித்தான். புதிய தாளில் எழுதிச் சத்தமாகப் படித்தான். 'வீட்டுத் தலைவன் நான். மகள் புறப்படுமுன் பார்க்க வேண்டியவன் பார்க்கவில்லை. தவறு என்னுடையது.'

"உத்தியோகம் போயிடும்டா!"

"போகட்டும்மா. இந்த வீட்டுல எது நடந்தாலும் இவ தலையிலதானே போட்டோம்... ஒரு தடவை என் தலையில விழட்டும்." மனைவியின் பக்கம் திரும்பினான். "நீ அப்படிச் செய்யறவளான்னு நான் யோசிக்கவே இல்ல சிலெங்கி. மன்னிச்சுடு."

அதுவரை அழாதவள் மூட்டையின் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

உத்தியோகம் போகத்தான் போனது. அங்கியிலிருந்த பதவிச் சின்னத்தை வாங்கிப்போக ஐந்தாம் நாள் ஆள் வந்து வாசலில் நின்றான். சிலெங்கி கத்தரிக்கோலால் கரடிச் சின்னத்தின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மாமியார் வந்து எதிரே உட்கார்ந்து துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். வழக்கமான ஏச்சு வரப்போகிறது என்று சிலெங்கி காத்திருந்தாள்.

"என் பொண்ணுக்கு ஆறு தோட்டையும் நானேதான் போட்டுவிட்டேன்," என்றாள் கிழவி, துணியைப் பார்த்தபடி. "அவ அழுதா... அழாதே, அழகு கெட்டுடும்னு அதட்டி வண்டியில ஏத்தி அனுப்பினேன், சிலெங்கி..."

சிலெங்கி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு மாமியாரைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். வாசலுக்கு வந்தவன் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்றிருந்தான்.