அஷ்டபந்தனம் சாத்திய பீரங்கி

உலகம் உள்ளளவும் வீழாத கோட்டை ஒன்று உண்டென்றால் அது செங்குன்றப் பாளையத்துக் கோட்டையே என்று அரண்மனைப் புலவர் பாடி முடித்த அந்திப் பொழுதில், அதன் மேற்கு மதிலில் எதிரிகள் ஏணி சாத்திக்கொண்டிருந்தார்கள்.

அன்பார்ந்த வாசகர்களே, கிழக்கு மதிலைப் பாருங்கள். நிலவில் வெள்ளிப் பாளமாக ஓடிய ஆற்றை நோக்கி அண்டா போன்ற வாயைப் பிளந்து நின்றது ‘சத்துருசங்காரன்’ என்னும் மகா பீரங்கி. கோட்டையிலிருந்த வாள், வேல் அத்தனையையும் உருக்கி அதைச் செய்வித்தவர் தளவாய் பெத்தண்ண நாயக்கர். அத்தோடு விட்டாரா? குடமுழுக்கு நடத்தி, கருவறைத் தெய்வத்தைப் பதிப்பது போல அஷ்டபந்தன மருந்து இடித்துச் சாத்தி, மேடையோடு மேடையாக ஒட்டியும் வைத்தார்.

அவருக்கு மாலையிட இருந்த இளவரசி நாகலாம்பிகை மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். தந்தை படுக்கையில் கிடக்க, பாளையத்தின் உயிர் அவள் கையில் இருந்தது.

"தளவாயாரே, பீரங்கியை மேற்கே திருப்புங்கள்."

"தேவி, பிரதிஷ்டை செய்ததை அசைத்தால் தோஷம்."

"தோஷம் ஏணியில் ஏறி வருகிறதே, தெரியவில்லையா?"

"அவர்கள் ஆற்றைக் கடந்தல்லவா வந்திருக்க வேண்டும்? இது யுத்த தர்மமே அல்ல."

உருக்காமல் மிஞ்சிய ஒரே வாளை, தந்தையின் வாளை, அவள் உருவினாள். வாளற்ற வீரர்கள் உலக்கை எடுக்கச் சமையற்கட்டுகளுக்குள் பாய்ந்தார்கள்.

"அம்மா, இந்த உலக்கை உடைஞ்சா என் பொஞ்சாதி என்னைக் கொன்னுபோடுவா" என்றான் காவற்காரன் மாடன்.

"முதலில் இவர்களிடம் பிழைத்து வா. அவளிடம் நான் பேசுகிறேன்."

உலக்கை விழுந்த இடமெல்லாம் மண்டைகள் பிளந்தன. குருதி படிகளில் வழிந்து பாதங்களை வழுக்கச் செய்தது. மாடன் மூவரைச் சாய்த்தான்; நாலாமவனின் ஈட்டி அவன் தொண்டையில் புகுந்து பிடரியில் வந்தது. நாகலாம்பிகையின் வாள் எதிரித் தலைவன் மல்லையனின் வலக்கையை மணிக்கட்டோடு துண்டித்தது. பிணக்குவியல் மேற்குப் புறத்தை அடைத்துவிட, அவனும் எஞ்சியவர்களும் கிழக்கு வாயிலைத் திறந்துகொண்டு ஆற்றுமணலில் ஓடினார்கள். பீரங்கிக்கு நேர் எதிரே.

அவன் தப்பினால் பெரும்படையோடு திரும்புவான். அப்போது தடுக்க ஆளும் இல்லை, உலக்கையும் இல்லை.

"திரியில் நெருப்பு வையுங்கள்" என்றாள்.

பந்தம் திரியை நெருங்கியது.

"தேவி, சற்றுப் பொறுத்தருள வேண்டும்" என்று பீரங்கிக் குழாய்க்குள்ளிருந்து பழகிய குரல் ஒன்று எதிரொலித்தது.

மல்லையன் அக்கரை சேர்ந்தான். தளவாயை வெளியே இழுக்க இரண்டு படி விளக்கெண்ணெய் செலவாயிற்று.