பூவந்துறையின் ஆயுள்

எழினியைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட்டார்கள்.

"உங்க ஊருக்கு ஆயுள் எத்தனைங்க?"

"முப்பத்தொண்ணு" என்றாள் எழினியின் அம்மா நிறைமதி. பொய் சொல்லிப் பயனில்லை. வரும் வழியில் ஊர் எல்லையில் நிற்கும் ஆயுள் பலகையை அவர்கள் பார்க்காமலா வந்திருப்பார்கள்?

மாப்பிள்ளையின் தாயார் தன் கணவரைப் பார்த்தாள். அவர் வடையைப் பார்த்தார். பத்துப் பொருத்தத்தோடு பதினோராவதாக ஊர்ப் பொருத்தமும் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. பெண்ணைத்தான் கூட்டிக்கொண்டு போகப்போகிறார்கள், ஊரை அல்ல. ஆனாலும் நாளைக்குக் கடல் வந்தால் சம்பந்தி வீட்டார் மூட்டை முடிச்சோடு நம் வாசலில்தானே வந்து நிற்பார்கள் என்று ஒரு கணக்கு. "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்து போனார்கள்.

வருங்காட்டி வந்த பிறகு எல்லாம் இப்படித்தான். கடல்மட்டம், மண்ணரிப்பு, புயல், மழை எல்லாவற்றையும் விழுங்கி, எந்த ஊர் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்லும் பெரிய கணிப்பொறி அது. சென்னையில் இருந்தது. அது சொல்லும் எண்ணை ஒவ்வோர் ஊரின் எல்லையிலும் மின்பலகையில் ஏற்றிவிடுவார்கள். தெரிந்துகொள்வது மக்களின் உரிமை என்று அதற்குச் சட்டமும் உண்டு. பலகை நட்ட மறுவருடம் பூவந்துறையில் வங்கி மூடியது. அதற்கடுத்த வருடம் மேல்நிலைப்பள்ளிக்குக் கட்டிடம் வராது என்றார்கள். முழுகப்போகிற ஊருக்கு எதற்குக் கட்டிடம்?

நிறைமதி அந்த ஊரில் ஐஸ் கம்பெனி நடத்துகிறாள். கடலுக்குப் போகும் படகெல்லாம் அவளிடம்தான் ஐஸ் ஏற்றும். படகுகள் ஒவ்வொன்றாக வேறு துறைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஊர் போனால் அவளுக்கு வேறு பிழைப்பும் இல்லை, வேறு இடத்தில் இருக்க மனசும் இல்லை.

அன்று மாலை ஐஸ் கட்டி உடைக்கும் சத்தத்துக்கு நடுவே அவள் கைபேசியில் வருங்காட்டியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வருடம் பூவந்துறை எப்படி இருக்கும் என்று அது வரைந்த படம். கடலைத் தடுக்கும் மண்கரையின் மேல் நிற்கும் எல்லைக்கல் அதில் இடுப்பளவு வெளியே தெரிந்தது.

"கபிலா, இங்க வா" என்று தம்பியைக் கூப்பிட்டாள். "நம்ம எல்லைக்கல்லு எவ்ளோ தெரியும்?"

"தல மட்டுந்தான் தெரியும். மண்ணுதான் கழுத்து வரைக்கும் ஏறிப்போச்சே. ஏன்க்கா?"

படத்தில் கரை தேய்ந்து இறங்கியிருந்தது, நிஜத்தில் ஏறியிருந்தது. ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரில் கரைக்கட்டு நடக்கும். வீட்டுக்கு ஓர் ஆள், ஆளுக்குப் பத்துக் கூடை மண். வராத வீட்டுக்குத் திருவிழாவில் முதல் தேங்காய் கிடையாது. வேலை முடிந்ததும் கரைமேலேயே கருவாட்டுக் குழம்போடு சாப்பாடு. எத்தனையோ காலமாகக் கரை இப்படி வருடத்துக்கு நாலு விரல் உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. கடல் ஏறியது உண்மை. ஊரும் ஏறியது. வருங்காட்டியோ கரையை ஒரே ஒருமுறை அளந்துவிட்டு, அதன்பின் யாருமே அதைத் தொடமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு தேய்த்துத் தேய்த்துக் கணக்குப் போட்டிருந்தது. மனுசன் சும்மா உட்கார்ந்திருப்பான் என்று அதற்கு யார் சொன்னது?

மறுநாளே சென்னைக்கு ரயில் ஏறினாள். வருங்காட்டி மையத்தில் இளம்பரிதி என்ற கணிப்பாளர் அவளை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டான். எல்லைக்கல்லின் படங்களை வாங்கிப் பார்த்தான். சண்டை போடத் தயாராக வந்தவளுக்கு அவன் மரியாதை ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"நீங்க சொல்றது சரி மேடம். இது எங்க தப்புதான்" என்றான். கரை வருடாவருடம் உயர்வதாக வைத்துக் கணக்கை மறுபடி ஓட்டினான். திரையில் எண் எதுவும் வரவில்லை. "முடிவு தென்படவில்லை" என்று வந்தது.

நிறைமதி அழுதுவிட்டாள். "அப்ப பலகைய மாத்திடுங்க தம்பி."

"மாத்தணும்னா ஒரு வருஷமாவது நேரடிப் பதிவு வேணும். இந்த ஆவணிக் கரைக்கட்டுக்கு எங்க வான்விழி வந்து மேல பறந்து பாக்கும். ஊர் வழக்கம்போல வந்தா போதும். எண் தானா மாறிடும்."

"இப்பல்லாம் பாதிப் பேருதான் வர்றாங்க. பலகையப் பாத்து மனசு விட்டுப்போச்சு. இந்த ஒரு வருசம் மட்டும் பலகைய அணைச்சு வைங்களேன். நான் எல்லாரையும் கூட்டியாந்துடுறேன்."

"அது என் கையில இல்ல மேடம். சட்டம்" என்றான். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னான்.

ஊர் திரும்பியதும் வீடு வீடாகப் படியேறினாள். யாரும் முகத்தில் அடித்தாற்போல் பேசவில்லை. எல்லோரும் நியாயமாகத்தான் பேசினார்கள். அதுதான் கொடுமை.

"நீ சொல்றத நம்புறேன் நிறைமதி" என்றார் படகுக்காரர் செங்கோடன். "ஆனா மாமல்லபுரத்துப் பக்கம், ஆயுள் கூடின எடமாப் பாத்துட்டேன். போற எடத்துல வீடு கட்டுவனா, இங்க மண்ணு சுமப்பனா? பலகை மாறட்டும். மொத ஆளா வந்து நிக்கிறேன்."

"நீங்க வந்தாத்தாங்க பலகை மாறும்!"

"எல்லாரும் வந்தா நானும் வர மாட்டனா?"

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இதே பதில்தான் வந்தது. தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்து படுத்தாள்.

கரைக்கட்டு நாளன்று அவளும், மகள் எழினியும், கபிலனும், இன்னும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரும் வந்தார்கள். ஊருக்கென்று ஆக்கிய கருவாட்டுக் குழம்பு அண்டா நிறைய அப்படியே இருந்தது. தலைக்கு மேலே வான்விழி வண்டுபோல ரீங்காரமிட்டுக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தது. மண் போடாமல் விட்ட இடமெல்லாம் மேலிருந்து தெளிவாகத் தெரிந்திருக்கும்.

பத்து நாள் கழித்து இளம்பரிதி கூப்பிட்டான். குரல் தயங்கியது.

"மேடம், கணக்கு முடிஞ்சுது. எட்டு."

"எட்டா? முப்பத்தொண்ணு இருந்துச்சே தம்பி! நீங்க தப்புன்னு ஒத்துக்கிட்டீங்களே!"

"அப்ப தப்புதான் மேடம். ஆளுங்க மண்ணு போடுறதைக் கணக்குல சேர்க்காம விட்டிருந்தோம். நீங்க சொன்னப்புறம் சேர்த்தோம். பலகை வச்சப்புறம் எத்தனை பேர் வேலைக்கு வராம நின்னுடுறாங்க, எத்தனை பேர் ஊரை விட்டே போயிடுறாங்கன்னு உங்க ஊரை வச்சு இப்ப வருங்காட்டிக்குத் தெரிஞ்சுபோச்சு. கடல் வர்றதுக்கு முன்னாடியே ஊர் காலியாயிடும்னு சொல்லுது."

அவன் தொடர்ந்தான்.

"உங்க ஊர் மட்டும் இல்ல மேடம். கடலோரம் பூரா எண் இறங்கியிருக்கு. நாளைக்கு எல்லாப் பலகையும் மாறும். உங்களாலதான் கணிப்பு இவ்வளவு துல்லியமாச்சுன்னு அறிக்கையில உங்க பேரைப் போட்டு நன்றி சொல்லியிருக்கோம்."

அவன் நல்ல பையன். திட்டக்கூட மனம் வரவில்லை. போனை வைத்துவிட்டு ஐஸ் பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஊர்க்காரர்கள் அவளை என்ன சொல்லி ஏசுவார்கள் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

அடுத்த ஆவணி வந்தது. எழினிக்குக் கடலை விட்டுத் தள்ளியிருந்த ஊரில் ஒரு வரன் கூடி அவள் போய்விட்டாள். செங்கோடனும் போய்விட்டார். கரைமேல் நிறைமதியும் கபிலனும் மட்டும் நின்றார்கள். வான்விழி நேரம் தவறாமல் வந்து தலைக்கு மேலே சுற்றியது.

கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தவள் கரையை ஒருமுறை நீளமாகப் பார்த்தாள். ரெண்டு பேர். ஆளுக்குப் பத்துக் கூடை. இத்தனை நீளக் கரைக்கு அது எவ்வளவு உயரம் ஏறும்? வடகிழக்குப் பருவமழையில் அதில் எவ்வளவு கரையும்? வாழ்நாளில் ஒருமுறைகூட அவள் இப்படிக் கணக்குப் பார்த்து மண் சுமந்ததில்லை. விடை சட்டென்று வந்துவிட்டது. சரியான விடைதான்.

"என்னக்கா, ஆரம்பிக்கலாமா?" என்றான் கபிலன்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

மேலே வான்விழி அதையும் பார்த்துக்கொண்டு, சென்னைப் பக்கம் திரும்பியது.