பாட்டி பாடாத தாலாட்டு

விசைப்படகு துறையை அணைந்தபோது பொழுது எற்பாடு. கதிரவன் மேலைக் கடலை நோக்கிச் சாய, நெய்தல் நிலத்துக்கே உரிய இரக்கம் நீரின்மேல் படியத் தொடங்கும் வேளை. மகளையும் மருமகனையும், இதுவரை நேரில் கண்டிராத பேத்தியையும் காணக் கடல் கடந்து அத்தீவுக்கு வந்திருந்தாள் பாட்டி. கால் தரையில் பட்டதும் இரு கையும் கூப்பினாள்.

"கும்பிடு கடலுக்கா, கரைக்கா அத்தை?" என்று கேட்டபடி பெட்டியை வாங்கிக்கொண்டான் மருமகன். கடல் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்து குறிப்பது அவனுடைய உத்தியோகம்.

"படகோட்டிக்கு, மாப்பிள்ளை. உயிரைத் தொண்டை வரைக்கும் கொண்டுவந்துட்டு, போனாப் போகுதுன்னு திருப்பிக் கொடுத்துட்டான்."

மணலில் கம்பங்கள் நாட்டி எழுப்பிய பலகை வீடு அது. ஒரு பாதி சிறு மருத்துவ நிலையம். மறு பாதி, அங்கே நர்ஸாக இருக்கும் மகளின் குடியிருப்பு. இரண்டையும் பிரிப்பது ஒரு பலகைச் சுவர். பின்புறம் தாழை அடர்ந்த உப்பங்கழி. நீர் வற்றும்போது சேற்றின் அழுகலும் தாழம்பூவின் நறுமணமும் பிரித்தறிய ஒண்ணாதபடி கலந்து உள்ளே வந்தன.

படியில் நின்றிருந்தாள் பேத்தி. சிட்டு என்பது வீட்டில் வழங்கும் பெயர். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று கை விரித்த பாட்டியை அவள் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தாயின் பின்னால் ஒதுங்கினாள்.

"பாட்டிடீ! தினமும் மத்தியானம் போன்ல பாடித் தூங்கவைக்கிற பாட்டியைத் தெரியலையா?"

"இவங்க இல்ல," என்றாள் சிட்டு.

எல்லோரும் சிரித்தார்கள். பாட்டியும் சிரித்தாள். ஆனால் 'தினமும்' என்ற அந்த ஒரு சொல் மீன்முள்ளாய் அவள் நெஞ்சில் குத்திக்கொண்டது.

மறுநாள் உச்சிவேளையில் மகளிடம் மெல்லப் பேச்செடுத்தாள். "ஏண்டீ, கண் ஆபரேஷனுக்கு அப்புறம் நான் எங்க பாடினேன்? போனையே தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு டாக்டர். அதோட விட்டுட்டேனே."

"என்னம்மா சொல்ற? படம் வேண்டாம், கண்ணு கூசுதுன்னுதானே சொன்ன? குரல் வந்துட்டுதானே இருந்துச்சு. அந்தப் பக்கம் ஊசி போட்டுக்கிட்டே சுவர் வழியா கேட்பேன். நீ படகேறின அன்னைக்குக்கூட கேட்டேன்."

மகளின் பார்வை சட்டென்று நர்ஸின் பார்வையாயிற்று. நோயாளியை எடைபோடும் பார்வை.

"அப்படிப் பார்க்காதே. எனக்கு மறதி வரல. எந்தப் போன்ல பாடினேன், அதைக் காட்டு."

சிட்டுவின் கட்டிலருகே அலமாரித் தட்டில் இருந்தது பழைய போன். முதுகு புடைத்து, ஓரமெல்லாம் உப்பு பூத்திருந்தது. எங்கே அழுத்தியும் உயிரில்லை.

"இது போன மழையிலேயே நனைஞ்சு செத்துப்போச்சே," என்றான் மருமகன். "ரிப்பேருக்கு அனுப்பணும்னு சொன்னேன்ல?"

"நீங்க அனுப்பிச் சரி பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன்." மகளின் குரல் தேய்ந்தது. "பாட்டு கேட்டுட்டே இருந்துச்சேங்க."

"பக்கத்து வீட்டம்மா யாராவது..."

"பக்கத்துல வீடு எங்க இருக்கு?"



அந்நேரம் மருத்துவ நிலையத்தில் யாரோ வலியில் கத்தினார்கள். உள்ளங்கையில் தூண்டில்முள் ஏறிய ஒரு மீனவன். மகள் எழுந்தாக வேண்டியிருந்தது. "கதவைச் சாத்திக்கோம்மா. சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கேன்." தாழைப் புதர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போன மருமகன், அங்கே எவருமில்லை என்று வந்து சொல்லிவிட்டு அளவுகோலைத் தேடித் துறைக்கு நடந்தான். நீர் வற்றும் நேரம் அவனுக்காகக் காத்திராது.

பாட்டி கதவுகளைத் தாழிட்டுக் கட்டிலருகே அமர்ந்து தாலாட்டைப் பாடினாள். சிட்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"கடைசி அடி பாடுங்க."

"அவ்வளவுதான் கண்ணு பாட்டு."

"இல்ல, இன்னும் இருக்கு. 'நீர்வத்தும் நேரமிது, கதவில்லா வீட்டுக்கு வா'ன்னு வரும்."

பாட்டி அவள் பக்கம் குனிந்தாள். "யாரு சொல்லிக்கொடுத்தா?"

"பாட்டிதான்," என்று கிசுகிசுத்தாள் சிட்டு. "அவங்களை மாதிரியே ஒருத்தங்க படகுல வருவாங்களாம். நம்பக்கூடாதாம்."

தெய்வத்தின் திருநாமத்தை மனத்துக்குள் உருட்டியபடி விழித்திருந்தாள் பாட்டி. ஆயினும் கடற்பயணத்தின் களைப்பு, திரைமேல் திரையாக வந்து இமைகளை மூடியது.

விழித்தபோது கட்டில் காலி.

பின்கதவு திறந்திருந்தது.

வெளியே அதே தாலாட்டு. அவளுடைய குரலில். மேலே போகும்போது தழுதழுக்கும் அந்த நடுக்கம்கூட அவளுடையதே.

வற்றிய கழியின் சேற்றில் கணுக்கால் புதைய, தாழைப் புதரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள் சிட்டு.

"சிட்டு!" என்று அழைத்தாள் பாட்டி.

"சிட்டு!" என்றது புதர்.

குழந்தை நின்றாள். இரு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வாடா தங்கம், பாட்டிகிட்ட வா!"

"வாடா தங்கம், பாட்டிகிட்ட வா." புதரின் குரலில் இனிமை ஒரு பிடி கூடுதல். சிட்டு மேலும் ஓரடி புதரை நோக்கி வைத்தாள்.

அப்போதுதான் பாட்டிக்கு உறைத்தது. கடலுக்கு அப்பாலிருந்து அவள் அனுப்பிய கொஞ்சல் அத்தனையும் அதனிடம் இருக்கிறது. அவள் அனுப்பாதது ஒன்றே ஒன்று. கண்காணாத் தொலைவிலிருக்கும் குழந்தைக்கு எந்தப் பாட்டி வசவை அனுப்புவாள்?

இடுப்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்:

"அடி கழுதை! சேத்துல என்னடி வேலை உனக்கு? வாடி இங்க! காலை ஒடிச்சு அடுப்புல வெச்சிருவேன்!"

புதர் அடங்கியது.

சிட்டுவின் உதடு பிதுங்கியது. "அம்மா மாதிரியே திட்டுறீங்க," என்று விம்மியவள், அழுதுகொண்டே ஓடி வந்து பாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

உள்ளே கொண்டுபோய்க் கதவைத் தாழிட்டு, மேசையை இழுத்து முட்டுக் கொடுத்தாள் பாட்டி. பலகைச் சுவரில் தட்டும் ஓசை கேட்டது. "என்னம்மா சத்தம்?"

"சீக்கிரம் வாடி."

"முள்ளு பாதி வந்திருச்சும்மா. இதோ வந்துட்டேன்."

குழந்தையை மார்போடு அணைத்தபடி அவள் காத்திருந்தாள். பிஞ்சுக் கைகள் கழுத்தை இறுக்கியிருந்தன. மூச்சின் சூடு தோளில் பட்டது. இனி இவள் என்னுடையவள் என்று நெஞ்சம் ஆறியது.

அப்போது தாழைப் புதரில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"அடி... கழு... தை."

மறுபடியும் ஒரு செருமல்.

"அடி கழுதை... வாடி... இங்க."

சேற்றில் ஏதோ கால் பதித்து நகரும் ஓசை. பிறகு காலடிப் பலகைகளுக்கு நேர் கீழிருந்து, ஒரு பிசிறுமின்றி:

"அடி கழுதை! வாடி இங்க!"

சிட்டு தோளிலிருந்து தலையை நிமிர்த்தினாள். மூடியிருந்த பாட்டியின் உதடுகளை உற்றுப் பார்த்தாள்.

கழுத்தைக் கட்டியிருந்த சின்னக் கைகள், விரல் விரலாக, மெல்லத் தளர்ந்தன.