வக்கீல் தேவை... உயிரோடு!

“ஐயோ...ஓ...ஓ!”

உள்ளறையிலிருந்து கிளம்பிய அலறல், அந்த வக்கீல் ஆபீஸின் கண்ணாடித் தடுப்பை அதிர வைத்தது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பல் டாக்டர் துள்ளி எழுந்தாள். பக்கத்தில் அவளுடைய மாமியார். ஓய்வு பெற்ற பி.டி. டீச்சர். வேலையை விட்டாலும் குரல் இன்னும் மைதானத்திலேயே இருந்தது.

“ஏம்மா... நாம வந்தது வக்கீல் ஆபீஸா, உன் கிளினிக்கா?”

“அத்தை! ஜோக் அடிக்கிற நேரமா இது?”

டாக்டர் பாய்ந்து போய்க் கதவைத் தள்ளினாள்.

தள்ளியவள் உறைந்தாள்.

பீரோவுக்கும் மேஜைக்கும் நடுவில் ஒரு பெண் மல்லாந்து கிடந்தாள். வெள்ளைப் புடவை. அதில் பாதி இப்போது வெள்ளையாக இல்லை. கழுத்தின் பக்கவாட்டில் சின்னதாய் ஒரு ஓட்டை. அதைச் சுற்றிக் குளமாய் ரத்தம்! வாய் பிளந்திருந்தது. மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் அகலமான இடைவெளி. பிணமானாலும் கண் பல்லுக்குத்தான் போகிறது... தொழில் புத்தி!

சுவரோரம், கறுப்புக் கோட்டைக் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு வக்கீலம்மா நடுங்கிக்கொண்டிருந்தாள்.

“என்... என் குமாஸ்தா, டாக்டர்! கொன்னுட்டான்... பாவி கொன்னுட்டான்!”

“யாரு?”

“உங்க புரோக்கர்!”

அவர்கள் வாங்கப்போகிற வீட்டைக் காட்டிய புரோக்கர் அவன். இடுப்பில் எந்நேரமும் ஒரு பெரிய சாவிக்கொத்து குலுங்கும். ஊரே அவனைச் ‘சாவி’ என்றுதான் கூப்பிடும். கன்னத்தில் வெட்டுத் தழும்பு. “நம்ம வக்கீல் ஒருத்தர் இருக்காரு, கண்ணை மூடிட்டு கையெழுத்துப் போடலாம்” என்று முதல் நாளே சொன்னான். கண்ணை மூடச் சொன்னதுதான் டாக்டருக்குப் பிடிக்கவில்லை. கப்பல் வேலையில் இருக்கும் கணவனும் போனில் அதையே சொன்னான். “விக்கிறவன் ஆள் காட்டுற வக்கீல் நமக்கு வேண்டாம். நீயே தேடு.”

தேடினாள். ஒருவர் போனையே எடுக்கவில்லை. இன்னொருவர், வீட்டைப் போய்ப் பார்க்கிற பழக்கமெல்லாம் தனக்குக் கிடையாது என்றார். கடைசியில் இந்த ஆபீஸ். வாசலில் பித்தளைப் பலகை. சுவரில் கண்ணாடி போட்ட பட்டம். பெரிய நாற்காலியில் உட்கார்ந்து மெல்லிய குரலில், “நானே நேர்ல வந்து வீட்டைப் பார்க்கறேன், டாக்டர்” என்று சொன்ன இந்த அம்மாள். மாமியாருக்கு உடனே பிடித்துப்போயிற்று. அட்வான்ஸ் தொகையையும் இவளிடமே ஒப்படைத்தாயிற்று.

“போலீஸுக்குப் போன் பண்ணுங்க!” டாக்டர் கத்தினாள்.

“பண்ணிட்டேன். பின்வாசல் வழியா ஓடினவன், அவங்க வர்றதுக்குள்ள திரும்பி வருவான். அந்த வீட்டுல வில்லங்கம் இருக்குன்னு நான் கண்டுபிடிச்சுட்டேன்... அதான்...”

கிலுங்... கிலுங்... கிலுங்...

முன்பக்கப் படிக்கட்டில் சாவிச் சத்தம்!

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“பின்வாசல்!” வக்கீலம்மா கிசுகிசுத்தாள்.

“ஓடு!” என்று மாமியார் போட்ட உத்தரவில் டாக்டரின் கால்கள் தானாகவே ஓடின.

*

கார் சீறியது.

பின்சீட்டில் வக்கீலம்மா குனிந்து பதுங்கியிருந்தாள். கோட்டுக் கை நீண்டு விரல்களை மூடியிருந்தது.

“டாக்டர்... பின்னாடி!”

கண்ணாடியில் ஒரு மோட்டார் பைக். அதன் மேல் சாவி! ஹெல்மெட் இல்லை. தழும்பு வியர்வையில் மின்னியது. ஒரு கையை வீசி என்னவோ கத்திக்கொண்டே நெருங்கினான்.

“என்னம்மா சொல்றான்?” மாமியார் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

“தலையை உள்ள இழுங்க, அத்தை!”

பைக் பக்கவாட்டில் வந்துவிட்டது. அவன் கை டாக்டரின் ஜன்னல் கண்ணாடியைப் படார் படார் என்று அறைந்தது. “நிறுத்துங்க! டாக்டரம்மா, நிறுத்துங்க!”

“நிறுத்தினா நாம மூணு பேரும் பொணம்!” பின்சீட்டிலிருந்து அலறல்.

டாக்டர் பல்லைக் கடித்தாள். ஸ்டீரிங்கை ஒரே ஒடி!

தடால்!

பைக் நடைபாதையில் ஏறி, ஒரு விளக்குக் கம்பத்தை முத்தமிட்டது. அவன் காற்றில் பறந்து, ஒரு கடையின் இரும்பு ஷட்டரில் மோதிக் கீழே விழுந்தான். கண்ணாடியில் அவன் உருவம் சிறுத்துக்கொண்டே போனது. நெற்றியிலிருந்து ரத்தம். எழப் பார்த்து மறுபடியும் விழுந்தான்.

வாழ்நாளில் ஒரு பல்லைக்கூட மரத்துப்போகும் ஊசி இல்லாமல் பிடுங்காதவள் அவள்!

“செத்துட்டானா, அத்தை?”

“அசையறான். நீ ரோட்டைப் பாரு!”

“அடுத்த வலதுல திருப்புங்க” என்றாள் வக்கீலம்மா. குரலில் இப்போது நடுக்கம் குறைந்திருந்தது. “உங்க புது வீட்டுக்கே போயிடலாம். பார்க்கறதுக்காக வாங்கின வீட்டுச் சாவி என்கிட்ட இருக்கு. பக்கத்துல ஆள் நடமாட்டம் கிடையாது. அங்க தேடணும்னு அவனுக்குத் தோணாது.”

*

வீட்டில் பெயிண்ட் வாசனை. சுவரோரம் டப்பாக்கள், பிரஷ்கள், ஒரு ஏணி. பாதிச் சுவர் வெள்ளை, பாதிச் சுவர் பழைய பச்சை. பெயிண்டர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள் போலிருக்கிறது. எந்த அறையை எதற்கு வைத்துக்கொள்வது என்று மாமியாரும் மருமகளும் சண்டை போட்டு முடித்திருந்த வீடு!

வக்கீலம்மா கதவைத் தாழ் போட்டாள். திரும்பினாள்.

“டாக்டர், நான் சொல்றதைக் கேளுங்க. பாக்கிப் பணம் முழுசையும் இப்பவே என் அக்கவுண்டுக்கு மாத்திடுங்க.”

“இப்பவா?”

“கொலை கேஸாயிடுச்சு. நாளைக்கு எல்லாத்தையும் முடக்கிடுவாங்க. பணம் வக்கீல் கையில இருந்தாதான் உங்களுக்குப் பாதுகாப்பு.”

மாமியார் புருவத்தைத் தூக்கினாள். “ஏம்மா, உயிருக்குப் பயந்து ஓடி வந்த இடத்துலயும் உனக்குத் தொழில்தானா?”

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், பெரியம்மா.”

சொன்னவள் கையை உதறினாள். கோட்டுக் கையிலிருந்து ஒரு சொட்டு, பளிங்குத் தரையில் சிவப்பாக விழுந்தது.

“ஐயையோ, அடிபட்டிருக்கே! காட்டுங்க.”

“பரவாயில்ல... விடுங்க...”

“நான் டாக்டர்ங்க. காட்டுங்க!”

டாக்டர் உரிமையோடு அவள் கையைப் பிடித்துக் கோட்டைச் சுருட்டினாள்.

மணிக்கட்டுக்கு மேலே காயம். வளைவாக. ஆழமாக. புத்தம் புதிதாக!

பற்குறி!

மேல்வளைவின் நடுவில் மட்டும் சதை கிழியாமல் அகலமான இடைவெளி...

டாக்டர் காயத்தின் மேல் குனிந்தாள். அந்த இடைவெளியைச் சற்று முன்புதான் அவள் பார்த்திருக்கிறாள். செத்துப்போனவளின் பிளந்த வாயில்!

“இந்தக் கடி...” அவள் நாக்கு குழறியது. “செத்தவங்க உங்களை எதுக்குக் கடிச்சாங்க?”

வக்கீலம்மா மெல்லச் சிரித்தாள். “பல் டாக்டருக்குக் கையைக் காட்டினது என் தப்பு.”

“நீங்க... நீ யாரு?”

“குமாஸ்தா. அந்த அம்மா கோர்ட்டுக்குப் போனதும் அவங்க நாற்காலியில நான் உட்காருவேன். பலகையில பேரைப் பார்த்தீங்க. பட்டத்துல பேரைப் பார்த்தீங்க. மூஞ்சியை யாராவது விசாரிச்சீங்களா?”

“அப்போ செத்தது...”

“உண்மையான வக்கீல்! இன்னிக்குன்னு பார்த்து சீக்கிரம் திரும்பி வந்து, ‘எந்த வீடு, எந்த டாக்டர்?’னு கேள்வி மேல கேள்வி. சும்மா போயிருக்கலாம்... போலீஸ்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க. முடிச்சேன். என் புடவையெல்லாம் ரத்தம். அவங்க கழட்டி மாட்டியிருந்த கோட்டை எடுத்துப் போட்டேன். வெளியில உங்க பேச்சுக் குரல். அதான் அலறினேன். நல்லா இருந்துச்சா?”

கோட்டுப் பைக்குள் போன கை வெளியே வந்தது. கேஸ் கட்டுகளைத் தைக்கிற கோணூசி! நீளமாய், வளைந்து, நுனியில் காய்ந்த ரத்தத்தோடு!

“பணத்தை மாத்து!”

“மாத்தினா விட்டுடுவியா?”

“மாட்டேன். ஆனா சீக்கிரமா முடிப்பேன்!”

பாய்ந்தாள்.

டாக்டர் விலகினாள். ஊசி அவள் தோளைக் கிழித்துக்கொண்டு சுவரில் இறங்கியது. சுண்ணாம்பு உதிர்ந்தது. மாமியார் குமாஸ்தாவின் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். முழங்கை ஒன்று அவள் மூக்கில் விழுந்தது. மளுக்! மாமியார் ஏணியோடு சரிந்தாள்.

“அத்தை!”

டாக்டரின் வயிற்றில் ஓர் உதை. தரையில் விழுந்தவளின் மார்பின் மேல் குமாஸ்தா ஏறி உட்கார்ந்தாள். ஊசி உயர்ந்தது. குறி, கழுத்து!

சிலீர்!

ஜன்னல் கண்ணாடி தூள் தூளாக வெடித்தது. ரத்தம் வழியும் முகத்தோடு சாவி உள்ளே குதித்தான்!

“டாக்டரம்மா! அவ வக்கீல் இல்ல! கோர்ட்டுல இன்னிக்குக் காலையிலதான் நிஜமான அம்மாவைப் பார்த்துக் கேட்டேன். அப்படி ஒரு கேஸே என்கிட்ட இல்லன்னாங்க! கேட்டுட்டு ஆபீஸுக்கு ஓடினாங்க... நான் பின்னாலயே வந்தா அவங்க பொணமா கிடக்கறாங்க!”

“தெரியும்யா!” மூச்சுத் திணறினாள் டாக்டர். “அவளைப் பிடி!”

பிடித்தான். பிடித்த வேகத்தில் ஊசி அவன் தோளில் அடிவரை இறங்கியது. அலறிக்கொண்டு மண்டியிட்டான். குமாஸ்தா ஊசியை உருவி மறுபடி ஓங்கினாள்...

தொம்!

பெயிண்ட் டப்பா ஒன்று பறந்து வந்து அவள் மண்டையில் விழுந்தது. மூடி திறந்து, வெள்ளைப் பெயிண்ட் முகமெல்லாம் வழிந்தது. சுவரில் சாய்ந்தபடி, உடைந்த மூக்கோடு மாமியார்!

“ஏம்மா! அடி!”

கண் தெரியாமல் தடுமாறிய குமாஸ்தா, வாயை ஆவென்று பிளந்து ஊளையிட்டாள்.

திறந்த வாய்!

அதைவிட என்ன வேண்டும் ஒரு பல் டாக்டருக்கு?

எழுந்தாள். இரண்டு கைகளையும் கோத்து, உடம்பின் பலத்தையெல்லாம் திரட்டி, பக்கவாட்டிலிருந்து முகவாயில் ஓர் இடி!

க்ளக்!

தாடை கழன்றது.

ஊசி கீழே விழுந்தது. அதன் பின்னாலேயே அவளும்.

*

கார் திரும்பிய பக்கத்தை வைத்தே வீட்டுக்குத்தான் என்று ஊகித்து ஆட்டோ பிடித்த சாவி, வரும் வழியிலேயே போன் பண்ணியிருந்ததால், இன்ஸ்பெக்டர் ஜீப்போடு வந்து இறங்கினார்.

அறையில் நடக்க இடமில்லை. ரத்தமும் பெயிண்டும் கலந்து தரையெல்லாம் ரோஸ். ஸ்ட்ரெச்சரில் சாவி. டாக்டர் அவன் தோளில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

“உங்களைக் கார்ல மோதித் தள்ளினேன்... மன்னிச்சுக்குங்க.”

“விடுங்க டாக்டரம்மா. என் மூஞ்சியைப் பார்த்தா எனக்கே பயமாத்தான் இருக்கும்.” வலியிலும் சிரித்தான். “ஒண்ணு மட்டும் சத்தியம். இந்த வீட்டுல ஒரு வில்லங்கமும் கிடையாது.”

“இப்ப இருக்கே!” மூக்கில் பஞ்சு அடைத்திருந்த மாமியார் மூக்கால் முனகினாள். “தரையைத் திரும்பப் போடணும்.”

விலங்கு மாட்டப்பட்ட குமாஸ்தா, மூட முடியாத வாயோடு, “ஆ... ஆங்... ஆ...” என்றாள்.

“ஏதோ சொல்ல வர்றா” என்றார் இன்ஸ்பெக்டர். “வாக்குமூலமா இருக்கும். டாக்டர், அந்தத் தாடையைச் சரி பண்ண முடியுமா?”

“முடியும். மரத்துப்போக ஊசி போடணுமா, வேண்டாமா?”

“உங்க இஷ்டம்.”

டாக்டர் ஊசியைத் தேடவில்லை. துணியைச் சுற்றிய கட்டை விரல்களைக் கடைவாயில் வைத்து, கீழே ஓர் அழுத்து, பின்னால் ஒரு தள்ளு!

க்ளக்!

குமாஸ்தா வீறிட்டாள். கண்ணில் நீர் கொட்டியது. எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். கான்ஸ்டபிள் பேனாவைத் திறந்தார்.

“நான்... ஒரு வார்த்தை பேச மாட்டேன்!” அவள் பெயிண்ட் வழிய மூச்சு வாங்கினாள். “எனக்கு ஒரு நல்ல வக்கீல் வேணும்!”

மாமியார் மூக்குப் பஞ்சைச் சரி செய்துகொண்டு பெருமூச்சு விட்டாள்.

“நல்ல வக்கீல் ஒருத்தங்க இருந்தாங்க... அவங்களைத்தான் நீ கொன்னுட்டியேம்மா!”