பின்பக்கம் யாரோ பனி வாருகிறார்கள்

சின்ன ஸ்பீக்கரில் ஆர்மஸின் மூச்சு இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவே பனி வாரும் ஷவல் உரசும் சத்தமும் கேட்டது. ஸ்ர்ர்க் என்று ஒரு தள்ளு, தொப்பென்று ஒரு கொட்டு, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஸ்ர்ர்க். ஹெல்வி ஸ்பேனரை நிறுத்திக் காதுகொடுத்தாள். ஷெட்டுக்கு வெளியே காற்றைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த ஸ்பீக்கர், பேத்தி வந்தபோது தொட்டிலருகே வைக்க வாங்கியது. ஒரு பாதி கணவர் ஆர்மஸின் தலைமாட்டில், மறுபாதி இங்கே அவள் கோட்டுப் பையில். அங்கே எழும் சத்தம் இங்கே கேட்கும். இங்கிருந்து பேசினால் அங்கே கேட்காது.

முதியோர் இல்லத்தில் இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவள் இன்னும் கண் மூடவில்லை. உடம்பு அடித்துப்போட்டது போலிருந்தது. பனியில் மாட்டி மத்தியானம் வந்து பார்த்தால் ஆர்மஸுக்கு நெஞ்சில் சளி கட்டி உதடு நீலம் பாரித்திருந்தது. ஆம்புலன்ஸ் சாலை வரைதான் வரும். அங்கிருந்து வீடு வரை நூற்றைம்பது அடிக்கு ஏரிக் காற்று கொண்டுவந்து கொட்டிய இடுப்பளவு பனி. "வழி எடுத்து வைங்கம்மா, ஸ்ட்ரெச்சர் வரணும்" என்று சொல்லிவிட்டார்கள். வழி எடுக்கவேண்டிய பனி வாரும் மெஷினோ முப்பது வருஷத்துக் கிழடு. கிளப்பிய ஐந்தாவது நிமிடம் ரப்பர் கருகும் நாற்றம் அடித்தது. எஞ்சின் உறுமியது, பனியை அள்ளும் திருகு சுற்றவில்லை. பெல்ட்டை ஓட்டும் புல்லிச் சக்கரத்தின் பள்ளம் தேய்ந்து கண்ணாடியாய் மின்னியது. புதுப் புல்லி செப்டம்பரிலிருந்தே அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. "சனிக்கிழமை மாட்டிடறேன்" என்று ஆர்மஸ் பதினான்கு சனிக்கிழமைகளாவது சொல்லியிருப்பார். அவரைத் திட்டக்கூட அவளுக்கு இப்போது தெம்பில்லை.

ஸ்ர்ர்க்.

பக்கத்து வீட்டு வில்ஹோதான் பின்பக்க ஜன்னலடியில் வாருகிறான், வேறு யார். இந்த ஏரிக்கரையில் அது வழக்கம். ஒரு வீட்டு மெஷின் சத்தம் கேட்கவில்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் ஷவலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். யாரது என்று கேட்பது மரியாதை இல்லை. காபிக்குக் குரல் கொடுத்தால் போதும். ஹெல்வி பக்கவாட்டுக் கதவைச் சாண் அளவு தள்ளினாள். மூன்று மணிக்கே வெளிச்சம் செத்துப்போயிருந்தது. முப்பது அடி தள்ளியிருந்த வீடே தெரியவில்லை.

"ஏய் வில்ஹோ! பின்பக்கம் என்னத்த வாருற, முன்னாடி வாருப்பா! மொதல்ல உள்ள போ, கதவு தாழ் போடல, காபி சூடா இருக்கு!"

ஸ்பீக்கரில் உரசல் நின்றது.

அவள் திரும்பி வந்து மண்டியிட்டாள். புல்லியை இறுக்கியிருந்த திருகாணி ஏற்கெனவே கழன்றிருந்தது. புல்லிதான் எஞ்சின் தண்டை விடமாட்டேன் என்றது. துருவுக்கு எண்ணெய் விட்டு, சூடு காட்டி, புல்லியை இழுத்துக் கழற்றும் மூன்று கால் கொக்கியை மாட்டி, பெட்ரோல் வாடையும் எண்ணெய்ப் புகையும் தொண்டையில் கசக்க, கால் கால் சுற்றாய் முறுக்கிக்கொண்டே இருந்தாள். ஸ்பீக்கரில் சமையலறைக் கதவு கிறீச்சிட்டது. படியில் பூட்ஸைத் தட்டும் சத்தம் வரவில்லை. வில்ஹோ இரண்டு தட்டுத் தட்டாமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை. பனியோடு உள்ளே நடக்கிறான், தடியன், தரையைத் துடைக்கப்போவது நான்தானே என்று அலுத்துக்கொண்டாள்.

"யாரு? வில்ஹோவா?" ஆர்மஸின் குரல். இருமல். பிறகு, "கதவச் சாத்துப்பா. குளுருது."

ஸ்ர்ர்க். தொப்.

நாற்காலியை இழுக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது. புல்லி டக்கென்று விட்டுக்கொடுத்தது. தண்டை அரம் போட்டுத் தேய்த்து, அதன் பள்ளத்தில் சின்ன இரும்புக் கட்டையை வைத்து, புதியதை ஏற்றினாள். கீழ்ப் புல்லிக்கு நேராக இருக்கிறதா என்று இரும்புப் பட்டையை வைத்துப் பார்த்தாள். நேராகத்தான் இருந்தது. திருகாணியை முடுக்கினாள். பெல்ட்டை மாட்டும்போது போன் அடித்தது.

"ஹெல்வி, வில்ஹோ பேசறேன். ரோட்டு முனையில ஆம்புலன்ஸுக்குப் பின்னாடிதான் நிக்கிறேன். வழி எடுத்தாச்சா?"

"நீ வீட்டுல இல்லையா?"

"எந்த வீட்டுல? காலையிலேர்ந்து வண்டிக்குள்ளயே வெறச்சுக் கெடக்கறேன். ஏன், யாரு வந்திருக்கா?"

அவள் போனைக் கீழே வைத்தாள். ஸ்பீக்கரில் ஷவல் வேகமாக உரசிக்கொண்டிருந்தது. தள்ளு, கொட்டு. தள்ளு, கொட்டு. இப்போது ஓய்வே இல்லை. ஆர்மஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாதியில் வாய் அடைத்துக்கொண்டது.

எஞ்சினைக் கிளப்பினாள். பெரிய கதவைத் தூக்கினாள். நெம்புகோலை அழுத்தியதும் புதுப் புல்லி பெல்ட்டைக் கவ்வியது, திருகு சுற்றியது, பனி வளைந்து பறந்தது. முப்பது அடி. ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பனி வழவழவென்று கிடந்தது. அவள் மத்தியானம் நடந்த தடத்தைக் காற்று எப்போதோ மூடியிருந்தது. புதிதாக ஒரு காலடி இல்லை. சமையலறைப் படியில் இல்லை. கதவின் கைப்பிடி வரை ஏறியிருந்த பனியை யாரும் தொடவே இல்லை.

மெஷினை அணைத்தாள்.

ஸ்பீக்கரில் மூச்சு மட்டும் கேட்டது. இழுப்பு இல்லை. சளி இல்லை. நீளமான, நிதானமான, ஆரோக்கியமான மூச்சு.

கையாலேயே தோண்டிக் கதவைத் திறந்தாள். தரை காய்ந்திருந்தது. சமையலறை சூடாக இருந்தது. கூடமும்.

"ஆர்மஸ்?"

படுக்கையறைக் கதவைத் தள்ளினாள்.

கட்டில் இல்லை. சுவருக்குச் சுவர், ஜன்னல் மட்டம் வரை, பனி. வாசலில் செங்குத்தாகச் சீவி, ஓரம் கட்டி, மேலே ஷவலால் தட்டிச் சமன் செய்த பனி. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு உருகவில்லை. கோட்டுப் பையில் மூச்சு சீராக உள்ளே போனது, சீராக வெளியே வந்தது. அதற்கு ஏற்றபடி, அறை நிறையக் கிடந்த அந்தப் பனி மொத்தமும் மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது.