போனஃபைடு ஆள்

காலை மணி 10.15. வெளியில் தாழ்ப்பாள் விழுந்த பிறகுதான், தன்னை டைப் அடிக்கும் அறையிலேயே அடைத்துவிட்டார்கள் என்பது சாரதாமணிக்கு உறைத்தது.

ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனிக்கு அவள்தான் டைப்பிஸ்ட். அந்த 1964இல் நூலுக்குக் கடும் தட்டுப்பாடு. கம்பெனிக்கு ஒதுக்கிய பத்து மூட்டை நூலை, முந்தின நாள் எவனோ ஒரு கடிதத்தைக் காட்டி டிப்போ கிடங்கிலிருந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டான். கடிதம் அவளுடைய டைப்ரைட்டரில் அடித்தது.

நூலில்லாமல் பனியன் மெஷின்கள் நின்றுவிட்டன. சன்னல் கம்பிக்கு அப்பால் தொழிலாளர்கள் முப்பது பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கே திரும்பி உட்கார்ந்தாலும் அந்தக் கண்கள் விடவில்லை.

10.40. சப்-இன்ஸ்பெக்டர் ஞானசம்பந்தம் உள்ளே வந்தார்.

"இந்த ரூம் சாவி?"

"என்கிட்ட ஒண்ணு, மேனேஜர்கிட்ட ஒண்ணுங்க."

"மேனேஜர் திருமூர்த்தி இந்த லெட்டரைக் கண்ணால கூடப் பாக்கலைங்கறாரு. டிப்போவுல வாங்கி நேரா உன்கிட்டத்தான் காட்டறேன்."

அந்த இங்கிலீஷ் கடிதத்தை அவள் படித்தாள். ‘இதைக் கொண்டுவருபவர் எங்கள் போனஃபைடு ஆள்.’ மறுபடியும் படித்தாள். ‘போனஃபைடு’ என்ற சொல்லைக் காட்டினாள்.

"ஸ்பெல்லிங் தப்புங்க சார். இது லத்தீன் வார்த்தை, ரெண்டு சொல்லு. டி, ஈ-ன்னு முடியோணும். இதுல ஈ, டி-ன்னு மாறிக் கெடக்குது."

"ஜெனியூன்னு சொல்றதுதானே?"

"ஜெனியூன்னா பொறப்புலயே அசல். இதுக்கு நல்லெண்ணத்தோடன்னு அர்த்தமுங்க."

ஃபைலிலிருந்து மேனேஜர் கைப்பட எழுதித் தந்த பழைய கடித வரைவுகள் நான்கை எடுத்து வைத்தாள். நான்கிலும் அதே தப்பு. "அடிக்கறப்ப நானே திருத்திருவனுங்க. அவரு திரும்பப் படிக்கறதில்லை."

"அவரு தப்பு தெரிஞ்சவ நீ. அவரை மாட்டிவிட நீயே இப்படி அடிச்சிருக்கலாமே?"

அவள் அந்த நான்கு தாள்களையும் அவர் பக்கம் தள்ளினாள். அவர் யோசித்தார். பிறகு, "இந்த லெட்டரையே சரியான ஸ்பெல்லிங்ல அடி" என்றார்.

11.20. திருமூர்த்தியையும் முதலாளி ஆறுச்சாமியையும் அழைத்தார். திருமூர்த்தியிடம் அந்தப் புதுத்தாளை நீட்டினார்.

"இந்த லெட்டரைப் பாத்ததே இல்லீங்களா?"

"இல்லீங்க."

"இங்கிலீஷ் சரியான்னு சொல்லுங்க."

திருமூர்த்தி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். ஒரு சொல்லில் விரல் நின்றது.

"இந்த எழுத்து தப்புங்க. அதுல சரியா இருந்துச்சே."

"எதுல?"

திருமூர்த்தி தாளைக் கீழே வைத்தார். சாயங்காலம் தாராபுரத்தில், அவர் மைத்துனர் வீட்டில் பத்து மூட்டையும் கிடைத்தன.

"ஊட்டுக்குப் போ கண்ணு" என்றார் முதலாளி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் ஏற்கெனவே அடித்து வைத்திருந்த தாளை அவர் முன்னால் வைத்தாள். "நான் திருடலைன்னு இருக்குதுங்க. வெளிய எல்லாரும் பாக்கற மாதிரி ஒட்டோணும்."

அவர் படிக்காமலே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

"படிச்சுட்டுப் போடுங்க."

அவர் படித்து முடிக்கும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.