பாதி நீங்கள் மிதியுங்கள்

கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வாருங்கள், என் செல்லங்களே. தாய்லாந்தில், நோந்தபுரியில் எங்கள் தெருவில் இருந்த சுமாலிக்கு நடந்ததைச் சொல்கிறேன். பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

முதல் நாள் ஏறி உட்கார்ந்தபோதே அந்த உடற்பயிற்சி சைக்கிளின் இருக்கை இளஞ்சூடாக இருந்தது, யாரோ அப்போதுதான் எழுந்துபோனதைப் போல. வெயில் பட்டிருக்கும் என்று சுமாலி நினைத்தாள். வெளியே காலையிலிருந்து மழை.

அவள் தேங்காய்ப்பால் பலகாரம் சுட்டு விற்பவள். ருசி பார்த்து ருசி பார்த்தே வயிறு முன்னால் வந்துவிட்டது. சர்க்கரை நோய் அவள் அம்மாவின் ஒரு காலைத் தின்றிருந்தது. வயிற்றைக் குறைக்காவிட்டால் உன் காலுக்கும் அதே கதிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பகலெல்லாம் நின்று பிழைக்கிறவளுக்குக் கால் போனால் என்ன மிச்சம்?

அதனால்தான் தங்கை லம்யாயுடன், ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் பழைய சாமான்களின் கிடங்குக்குப் போனாள். ஓடும் பட்டை எந்திரம் முழங்காலை உலுக்கியது. துடுப்பு எந்திரத்தில் குனியவே முடியவில்லை.

"முதல்ல வயித்தக் குறை. அப்புறம் வயித்தக் குறைக்க இத வாங்கலாம்க்கா," என்றாள் லம்யாய்.

சைக்கிள்தான் சரிப்பட்டது. சத்தமில்லை, மிதியில் பாதத்தைப் பிடிக்க வார் இருந்தது. பழைய பொருள் வாங்கினால் ஊதுபத்தி கொளுத்தி, பொருளை மட்டும் எடுத்துப் போகிறேன், நீங்கள் கூட வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு எடுப்பது எங்கள் வழக்கம். கிடங்குக்காரி பத்தியை நீட்டினாள். சுமாலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இத ஓட்டினவங்களே, நீங்களும் வாங்க. பாதி நீங்க மிதிங்க, பாதி நான் மிதிக்கிறேன்."

லம்யாய் முகம் வெளுத்து, மாற்றிச் சொல்லச் சொன்னாள். சுமாலி வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டாள்.

மிதிக்க மிதிக்க லேசாக இருந்தது. ஈரப் பாயின் வாசமும், அவள் வீட்டில் இல்லாத ஏதோ சோப்பின் வாசமும் முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்ல வந்தன. மழை கூரையில் தாளம் போட, அவள் மூச்சுக்குச் சற்றுப் பிந்தி இன்னொரு மூச்சு கேட்பதுபோல் இருந்தது. வயிறு இறங்கியது. சர்க்கரையும் இறங்கியது. டாக்டர் பாராட்டினார்.

பிறகு ஒரு நாள் கொதிக்கும் தேங்காய்ப்பால் பாதத்தில் சிந்தியது.

"கால்ல கொப்புளம்க்கா. உனக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. தரையின் குளிர்ச்சியும் தெரியவில்லை. பாதம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் நடந்தாள்.

அன்று அந்தி மங்கும் நேரம். மிதித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று மெதுவாகச் சொன்னாள்:

"போதும்ங்க. நிறுத்திக்கலாம்."

மிதி நிற்கவில்லை. வேகம் கூடியது. சோப்பு வாசம் கழுத்தருகில். கைப்பிடியை உதறினாள். சரிந்தாள். விழுந்தாள்.

வலி இல்லை. ரத்தம் இல்லை.

எழ முயன்றாள். ஊன்ற எதுவும் இல்லை.

தலையைத் திருப்பினாள். வாரில் இறுகியபடி அவள் பாதங்கள் இரண்டும் மிதித்துக்கொண்டிருந்தன. கணுக்காலுக்கு மேலே, மெல்ல மெல்ல, வேறொருத்தியின் வெளுத்த கெண்டைக்கால் வளர்ந்து ஏறிக்கொண்டிருந்தது.

உங்கள் வீட்டில் நடமாடும் பாதங்கள் எல்லாம் என்றைக்கும் உங்கள் வீட்டாருடையவையாகவே இருக்கட்டும், கண்ணுகளே.